ஸ்டூ உங்கர்: சிறிய சீட்டுகளால் வென்றவரின் பெரிய தோல்வி

எமது வீட்டுப் பிள்ளைகளில் போக்கர் விளையாடுபவர்கள் குறைவல்ல. சிலர் வார இறுதியில் நண்பர்களோடு விளையாடுகிறார்கள். சிலர் பேருந்தில் போகும்போது கைபேசியில் விளையாடுகிறார்கள். சிலர் பெற்றோர் இரவு வேலைக்குப் போன பின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடுகிறார்கள். எல்லாக் காலத்திலும் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டூ உங்கர் என்ற பெயர் கட்டாயம் வரும். அவர் இறந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் அவர் ஆடிய சில ஆட்டங்கள் காணொளிகளாக இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்தக் காணொளிகளைப் பார்க்கும் பிள்ளை ஒரு விடயத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. மற்றவர்கள் தூக்கி எறியும் சாதாரணச் சீட்டுகளை வைத்துக்கொண்டே இந்த மனிதர் உலகப் பட்டம் வென்றிருக்கிறார் என்பதே அது. அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை அறிய அவரது வாழ்க்கையை முழுதாகப் பார்க்க வேண்டும். ஆகவே அதை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

ஸ்டூவர்ட் உங்கர் 1953ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் திகதி நியூயோர்க் நகரில் பிறந்தார். மன்ஹட்டனின் லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில் வாழ்ந்த யூதக் குடும்பம் அவருடையது. பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழை மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. தந்தை ஒரு மதுச்சாலை நடத்தினார். அதற்குள்ளேயே பந்தயப் பணம் வாங்கிக் கணக்கு வைக்கும் தொழிலும் நடந்தது. குதிரைப் பந்தயமும் விளையாட்டுப் பந்தயமும் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிப் பாடம் போலவே பழகிப்போயின. எண்களை மனதில் வைத்துக் கணக்குப் போடுவதில் அவர் சிறு வயதிலேயே கெட்டிக்காரர்.

பத்து வயதில் ஜின் ரம்மி ஆட்டத்தில் பெரியவர்களை வெல்லத் தொடங்கினார். எம்மவர் ஆடும் ரம்மிக்கு நெருங்கிய உறவான ஆட்டம் அது. இருவர் ஆடுவார்கள். ஒவ்வொருவர் கையிலும் பத்துச் சீட்டு இருக்கும். ஒன்றை எடுத்து ஒன்றைப் போட வேண்டும். எதிரி எதை எடுக்கிறார், எதைக் கழிக்கிறார் என்று நினைவில் வைத்திருந்தால் சில சுற்றுகளில் அவர் கையில் என்ன இருக்கிறது என்பதை ஊகிக்கலாம். நல்ல ஆட்டக்காரர்கள் ஓரளவுக்கு அதைச் செய்வார்கள். உங்கர் ஏறக்குறைய முழுமையாகவே செய்தார். எதிரியின் கையை அவர் திறந்த புத்தகம் போல வாசித்தார்.

பதின்ம வயதின் தொடக்கத்தில் தந்தை மாரடைப்பால் இறந்துபோனார். தாயும் நோயில் விழுந்தார். உங்கர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார். சீட்டாடிக் கிடைத்த பணம் வீட்டுக்குத் தேவைப்பட்டது. நியூயோர்க் நிழலுலகத்தோடு தொடர்புடைய விக்டர் ரொமானோ என்பவர் அவரைத் தன் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டார். தந்தை இல்லாத வீட்டின் பிள்ளையை யார் தூக்கி வளர்க்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை எமது குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கரைத் தூக்கி வளர்த்தது சூதாட்ட உலகம். அது அவருக்குப் பாதுகாப்பும் பணமும் கொடுத்தது. எப்போது எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜின் ரம்மியில் அவரோடு மோத ஆட்கள் இல்லாமல் போனது. வெல்பவருக்கு அதுவே தொல்லை. தோற்கத் தயாரான ஒருவர் எதிரே இருந்தால்தானே பணம் வரும். 1970களின் பிற்பகுதியில் உங்கர் லாஸ் வேகாஸுக்குப் போனார். அங்கும் ரம்மியில் இதே கதை. போட்டிகளை நடத்துபவர்களே அவரைக் கலந்துகொள்ள வேண்டாம் என்று கேட்கும் அளவுக்கு நிலைமை வந்தது. வேறு வழியின்றியே அவர் போக்கர் பக்கம் திரும்பினார்.

இனி அவர் ஆடிய போக்கரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். டெக்சஸ் ஹோல்டெம் என்ற வகை அது. ஒவ்வொருவருக்கும் கவிழ்த்தபடி இரண்டு சீட்டுகள் தருவார்கள். அதை வைத்தே முதல் பந்தயம் நடக்கும். பிறகு நடுமேசையில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டுகள் திறக்கப்படும். மீண்டும் பந்தயம். நான்காவது சீட்டு, பந்தயம். ஐந்தாவது சீட்டு, கடைசிப் பந்தயம். கையிலுள்ள இரண்டையும் நடுவிலுள்ள ஐந்தையும் சேர்த்து, ஐந்து சீட்டுகளில் மிகச் சிறந்த சேர்க்கை யாரிடம் அமைகிறதோ அவருக்கே பணம். வரம்பில்லா ஆட்டத்தில் எந்தக் கட்டத்திலும் தன்னிடமுள்ள சில்லுகள் முழுவதையும் ஒருவர் நடுவில் தள்ளலாம்.

304 ஆடி வளர்ந்தவர்களுக்கு இதன் உள்நுட்பம் உடனே விளங்கும். எட்டுச் சீட்டில் நான்கு மட்டும் கைக்கு வந்த நிலையில் கேள்வி கேட்கிறோம், துரும்பையும் கவிழ்த்து வைக்கிறோம். மீதி நான்கு என்னவென்று தெரியாது. போக்கரிலும் அப்படித்தான். ஏழில் இரண்டை மட்டும் பார்த்துவிட்டு முதல் முடிவை எடுக்க வேண்டும். இன்னொன்றும் 304 எமக்குக் கற்றுத்தந்திருக்கிறது. வேறு ஆட்டங்களில் சாதாரணமான 9, அங்கே ஆசுக்கும் ராசாவுக்கும் மேலே நிற்கும். ஒரு சீட்டின் பெறுமதி அந்தச் சீட்டில் அச்சடிக்கப்பட்டிருப்பதில்லை, ஆட்டத்தைப் பொறுத்ததுதான்.

ஹோல்டெமில் இரண்டு சீட்டுகள் கைக்கு வரக்கூடிய விதங்கள் மொத்தம் 1,326. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் 169 வகை. அவற்றில் இரண்டு ஆசு, இரண்டு ராசா போன்ற சில எப்போதும் நல்லவை. 7உம் 2உம் போன்றவை ஏறக்குறைய எப்போதும் குப்பை. இடையில் பெரிய கூட்டம் ஒன்று இருக்கிறது. ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் சிறிய சீட்டுகள், ஆசோடு ஒரு சின்னச் சீட்டு, சிறிய சோடிகள். இவை நல்லவையும் அல்ல, குப்பையும் அல்ல. ஆடலாமா, எறியலாமா என்று நெஞ்சை இழுக்கும் ஓரத்துச் சீட்டுகள் இவை. போக்கரில் பணம் கரைவது பெரும்பாலும் இவற்றில்தான். படுமோசமான சீட்டை எவரும் எறிந்துவிடுவார். நப்பாசை தருகிற சீட்டைத்தான் எறிய முடியாது.

உங்கர் இந்த ஓரத்துச் சீட்டுகளின் வித்தகர்.

1980ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் பினியன்ஸ் ஹோர்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் அவர் கலந்துகொண்டார். நுழைவுப் பணம் 10,000 டொலர். ஆடியவர்கள் 73 பேர். உங்கருக்கு வயது 26. உருவத்தில் சிறியவர், முகத்தில் பிள்ளைத்தனம் போகாதவர். ஆகவே எல்லோரும் அவரைப் பொடியன் என்ற பொருளில் கிட் என்றே அழைத்தார்கள். ஹோல்டெமில் அவருக்கு அனுபவம் மிகக் குறைவு. ஆனால் போட்டி நகர நகர அவர் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டே போனார்.

கடைசியில் எஞ்சியவர்கள் இருவர். எதிரே இருந்தவர் டொய்ல் பிரன்சன். 1976, 1977 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தப் பட்டத்தை வென்றவர். அந்த இரண்டு வெற்றிகளின் கடைசி ஆட்டத்திலும் அவர் கையில் இருந்தது 10உம் 2உம். அதனால் இன்றுவரை அந்தச் சீட்டுச் சோடிக்கு அவர் பெயரையே சொல்கிறார்கள். வரம்பில்லா ஆட்டத்தில் சிறிய அடுத்தடுத்த சீட்டுகளை எப்படித் துணிந்து ஆடுவது என்று புத்தகத்தில் எழுதி வைத்தவரும் அவரே. அப்படிப்பட்டவரை அதே ஆயுதத்தால்தான் உங்கர் வீழ்த்தினார்.

அந்தக் கடைசி ஆட்டத்தில் பிரன்சன் கையில் ஆசும் 7உம். உங்கர் கையில் இஸ்பேட் 5உம் இஸ்பேட் 4உம். முதல் மூன்று பொதுச் சீட்டுகள் ஆசு, 7, 2. பிரன்சனுக்கு இரண்டு சோடிகள் அமைந்துவிட்டன. உங்கரிடம் எதுவும் இல்லை. ஒரேயொரு நூல் மட்டும் தொங்கியது. 3 ஒன்று வந்தால் ஆசு, 2, 3, 4, 5 என்ற வரிசை அமையும். நான்காவது சீட்டாக அந்த 3 விழுந்தது. பிரன்சனின் இரண்டு சோடிகள் அந்த வரிசைக்கு முன்னால் நிற்கவில்லை. பரிசு 365,000 டொலர். அதுவரை அந்தப் பட்டத்தை வென்றவர்களில் மிக இளையவர் உங்கரே.

இந்த இடத்தில்தான் எமது பிள்ளைகள் காணொளியை நிறுத்திவிட்டுக் கைதட்டுகிறார்கள். அதே இடத்தில் நாம் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். அந்த நேரத்தில் கட்டில் மீதமிருந்த 45 சீட்டுகளில் 3 நான்குதான். ஏறக்குறைய 11 தடவைக்கு ஒரு தடவைதான் அது அடுத்ததாக வரும். அப்படியானால் 5-4 ஆடியது தவறா? அதுவும் இல்லை. முதலில் உள்ளே போக அவருக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் சில்லுகள்தான். இருவரிடமும் பின்னால் நிறையவே இருந்தது. வந்தால் பெருந்தொகை, வராவிட்டால் சிறுதொகை. வராவிட்டால் எறிந்துவிட்டு எழும் மனவுறுதி இருந்தால் மட்டுமே அந்தக் கணக்குச் சரிவரும்.

ஓரத்துச் சீட்டுகளை ஆடுவதன் சூட்சுமம் இதுதான். அனுபவசாலிகள் சில நிபந்தனைகள் பார்ப்பார்கள். முதலாவது, இருக்கை. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்த பிறகு கடைசியாகப் பேசும் இடத்தில் இருந்தால் அரைகுறைச் சீட்டும் பெறுமதி பெறும். முதலில் பேச வேண்டிய இடத்தில் அதே சீட்டு வெறும் பாரம். இரண்டாவது, கையிருப்பு. நிறையச் சில்லுகள் இருக்கும்போது சிறு விலை கொடுத்து ஒரு வாய்ப்பைப் பார்க்கலாம். கையிருப்பு மெலிந்த பிறகு அந்தச் சிறு விலையே பெரிய விலையாகிவிடும். மூன்றாவது, எதிரி. பயந்து எறியக்கூடியவரா, எதையும் விடாமல் ஒட்டிக்கொள்பவரா? நான்காவது, எத்தனை பேர் மேசையில் இருக்கிறார்கள் என்பது. ஒன்பது பேர் இருக்கும் மேசையில் ஆசும் 4உம் ஆபத்தான கை. இருவர் மட்டும் எஞ்சிய மேசையில் அது நல்ல கை.

போட்டி ஆட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. காசுக்கு ஆடும் சாதாரண மேசையில் தோற்றால் இன்னும் பணம் எடுத்து வைக்கலாம். இங்கே சில்லுகள் தீர்ந்தால் எழுந்து போக வேண்டியதுதான். ஆகவே இழக்கும் சில்லின் வலி, வெல்லும் சில்லின் இன்பத்தை விடப் பெரிது. நேரம் போகப் போக ஒவ்வொரு சுற்றிலும் வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயமும் ஏறிக்கொண்டே போகும். சும்மா இருந்தால் கரைந்துபோவோம், அவசரப்பட்டால் எரிந்துபோவோம். இந்த இரண்டுக்கும் இடையிலான வழியை உங்கர் எவரையும் விடத் தெளிவாகக் கண்டார். மற்றவர்கள் பயந்து ஒதுங்கும் நேரத்தில் சின்னச் சின்னத் தொகைகளை வாரிக்கொண்டே இருப்பார். பலமான எதிர்ப்பு வந்தால் உடனே விட்டுவிடுவார். பார்ப்பவர்களுக்குத் தெரிவது அவர் துணிச்சல். அவரை வெல்ல வைத்தது அவர் எறிந்த சீட்டுகள்.

1981இல் மீண்டும் அதே பட்டம். இம்முறை 75 பேர், பரிசு 375,000 டொலர். இறுதியில் பெரி கிரீன் என்பவரை வென்றார். கடைசி ஆட்டத்தில் அவர் கையில் இருந்தது ஆசும் ராணியும். அமரில்லோ ஸ்லிம் நடத்திய சூப்பர் போல் ஒஃப் போக்கர் என்ற பெரிய போட்டியின் முதன்மைப் பட்டத்தையும் 1984, 1988, 1989 ஆகிய ஆண்டுகளில் வென்றார். கறுப்பு ஜாக் எனப்படும் பிளாக்ஜாக் ஆட்டத்தில் அவரது நினைவாற்றலைக் கண்டு பயந்த சூதாட்ட விடுதிகள் அவரை அந்த மேசைகளில் அமர விடவில்லை.

இவ்வளவு வென்றவரின் பணம் எங்கே போனது?

போக்கர் மேசையில் சம்பாதித்ததை உங்கர் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயத்திலும் கொண்டுபோய்க் கொட்டினார். வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. பணத்தைக் கட்டுக் கட்டாக விடுதிப் பெட்டகத்தில் வைப்பார். அதை எடுத்துப் பந்தயம் கட்டுவார். முடிந்ததும் கடன் வாங்குவார். பிறகு மீண்டும் சீட்டு மேசைக்கு வருவார்.

போக்கரில் எதிரே இருப்பவர் இன்னொரு மனிதர். அவர் களைப்படைவார், பயப்படுவார், தவறு செய்வார். உங்கரின் திறமை முழுவதும் அந்தத் தவறுகளைக் கண்டுபிடிப்பதில்தான் இருந்தது. பந்தயக் கணக்குப் புத்தகத்துக்குப் பயமும் இல்லை, களைப்பும் இல்லை. அதற்குரிய பங்கு ஒவ்வொரு பந்தயத்திலும் முன்கூட்டியே கழிக்கப்பட்டிருக்கும். அங்கே அவர் படிக்கக்கூடிய முகம் எதுவும் இல்லை. ஆனால் அங்கேதான் அவர் எதையும் எறியாமல் எல்லாக் கைகளையும் ஆடினார்.

1982இல் அவர் திருமணம் செய்தார். ஸ்டெஃபனி என்ற மகள் பிறந்தார். மனைவியின் முன்னைய உறவில் பிறந்த மகனையும் தன் பிள்ளையாகத் தத்தெடுத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் மணவாழ்வு முறிந்தது. 1989இல் அந்த மகன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். ஏற்கனவே கொக்கேயின் பழக்கத்துக்கு ஆளாகியிருந்த உங்கர், அதன் பிறகு ஆழமாக மூழ்கிப்போனார்.

1990ஆம் ஆண்டு நடந்தது இந்தக் கதையின் நடுப்புள்ளி என்று சொல்லலாம். அவ்வாண்டு உலகப் போட்டியில் உங்கர் பெருமளவு சில்லுகளோடு முன்னணியில் இருந்தார். மூன்றாம் நாள் ஆட்டம் தொடங்கியபோது அவர் வரவில்லை. தேடிப் போனவர்கள், போதையின் காரணமாக விடுதி அறைத் தரையில் மயங்கிக் கிடந்தவரைக் கண்டார்கள். விதிப்படி அவரது இருக்கைக்கும் சீட்டு வழங்கப்பட்டது. ஆள் இல்லாததால் ஒவ்வொரு கையும் எறியப்பட்டது. ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயப் பந்தயம் மட்டும் அவரது குவியலிலிருந்து கழிந்துகொண்டே இருந்தது. அப்படி ஆளில்லாத கதிரையாக இருந்தும் அவருக்கு ஒன்பதாவது இடம் கிடைத்தது. முதலிரண்டு நாட்களில் அவர் எவ்வளவு சேர்த்திருந்தார் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. தன் வாழ்நாளில் எல்லாக் கைகளையும் எறிந்த ஒரே போட்டி அதுவாகத்தான் இருக்கும். அதையும் அவர் தெரிந்து செய்யவில்லை.

அதன் பிறகு பல ஆண்டுகள் இருண்ட காலம். கடன், போதை, காணாமல் போதல். கொக்கேயின் மூக்கின் உள்ளெலும்பையே அரித்து, ஒரு பக்கத்தைச் சிதைத்திருந்தது. 1997ஆம் ஆண்டு மே மாதம் போட்டி தொடங்கியபோது அவரிடம் நுழைவுப் பணம் இல்லை. பில்லி பக்ஸ்டர் என்ற சக ஆட்டக்காரர் கடைசி நேரத்தில் 10,000 டொலர் கட்டினார். வென்றால் பாதி அவருக்கு என்பது பேச்சு. சிதைந்த மூக்கை மறைக்க நீல நிறக் கண்ணாடி ஒன்றை அணிந்துகொண்டு உங்கர் வந்தார். மகளின் படத்தைத் தன்னோடு வைத்திருந்தார்.

அவ்வாண்டு ஆடியவர்கள் 312 பேர். இறுதி மேசை ஃபிரீமொன்ட் வீதியில் திறந்த வெளியில் போடப்பட்டது. உடலால் நொறுங்கியிருந்த அந்த மனிதர் மேசையில் அமர்ந்ததும் பழைய பொடியனாகிவிட்டார். ஒவ்வொருவரையும் படித்தார். மற்றவர்கள் காத்திருந்தபோது அவர் தாக்கினார். கடைசியில் ஜோன் ஸ்ட்ரெம்ப் என்பவரோடு தனியாக நின்றபோது உங்கரிடம் மிகப் பெரிய முன்னிலை இருந்தது.

இப்போது 1980ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஆட்டத்தில் ஸ்ட்ரெம்ப் கையில் ஆசும் 8உம். உங்கர் கையில் ஆசும் 4உம். நடுவில் ஆசு, 5, 3. இருவருக்கும் ஆசுச் சோடி. ஆனால் துணைச் சீட்டில் ஸ்ட்ரெம்ப் முந்தி நின்றார். நான்காவது சீட்டு இன்னொரு 3. அப்போதும் ஸ்ட்ரெம்ப்தான் முன்னே. மீதமிருந்த 44 சீட்டுகளில் 7 மட்டுமே உங்கருக்கு முழு வெற்றி தரக்கூடியவை. 23 சீட்டுகளில் எது வந்தாலும் நடுவிலிருந்த சில்லுகள் இருவருக்கும் சமமாகப் பிரியும். 14 சீட்டுகள் ஸ்ட்ரெம்புக்கு. வந்தது 2. மீண்டும் அதே ஆசு, 2, 3, 4, 5. பதினேழு ஆண்டுகளுக்கு முன் வந்த அதே வரிசை. பரிசு பத்து இலட்சம் டொலர். மூன்றாவது உலகப் பட்டம்.

இங்கும் கணக்கு முக்கியம். அந்த ஆட்டத்தில் தோற்றிருந்தாலும் உங்கர் போட்டியிலிருந்து வெளியேறியிருக்க மாட்டார். அவரிடம் மீதி இருந்தது. எதிரிக்குத்தான் அது வாழ்வா சாவா. தாங்கக்கூடிய தொகையை, இருவர் மட்டுமே இருக்கும் மேசையில், தவறு செய்யக்கூடிய மனிதர் ஒருவருக்கு எதிராக வைத்தார். அதனால்தான் அரைகுறையான அந்தக் கை ஆடத் தகுந்த கையாக இருந்தது. கடைசியாக விழுந்த 2 அவரது திறமை அல்ல. அந்த 2 விழாவிட்டாலும் மேசையில் தொடர்ந்து இருக்கும்படி அதற்கு முன் நான்கு நாட்கள் ஆடியிருந்தாரே, அதுதான் திறமை.

பத்திரிகைகள் மீண்டு வந்த பொடியன் என்று எழுதின. ஆனால் மீட்சி நீடிக்கவில்லை. அவர் பங்குக்குக் கிடைத்த ஐந்து இலட்சம் டொலரும் சில மாதங்களில் போதைக்கும் பந்தயத்துக்கும் போய்ச் சேர்ந்தது. 1998இல் பட்டத்தைக் காக்கும் போட்டிக்கு பக்ஸ்டர் மறுபடியும் உதவத் தயாராக இருந்தார். தொடங்கச் சற்று முன், தன்னால் முடியாது, களைப்பாக இருக்கிறது என்று உங்கர் விலகிக்கொண்டார்.

1998ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி லாஸ் வேகாஸில் ஒயாசிஸ் என்ற மலிவு விடுதியின் அறையொன்றில் அவர் இறந்து கிடந்தார். வயது 45. பல்லாண்டுப் போதைப் பழக்கத்தால் பழுதான இதயம் நின்றுபோயிருந்தது. அவரிடம் இருந்த பணம் ஏறக்குறைய 800 டொலர். வேறு சொத்து எதுவும் இல்லை. இறுதிச் சடங்குக்கான செலவை அவரை அறிந்தவர்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். 2001இல் போக்கர் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது.

இந்த வாழ்க்கையை எமது பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? சூது கெட்டது என்ற ஒற்றை வரியோடு முடித்துவிட்டால் அவர்கள் கேட்கப்போவதில்லை. உங்கரின் திறமை உண்மையானது, அதை மறுத்தால் எமது பேச்சின் மதிப்புத்தான் குறையும். திறமையை ஒப்புக்கொண்டே சொல்லலாம். சிறிய சீட்டு வென்றதற்குக் காரணம் சிறிய சீட்டு அல்ல என்று காட்டலாம். இருக்கை, கையிருப்பு, எதிரி, எறியும் மனம் என்ற நான்கையும் உடன் எண்ணச் சொல்லலாம். இரவில் அறைக்குள் இருந்து, முகம் தெரியாத பலரோடு, ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கைக் கழித்துக்கொள்ளும் நிறுவனம் ஒன்றின் மேசையில் ஆடும்போது அந்த நான்கில் எத்தனை தன்னிடம் இருக்கின்றன என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொரு விடயத்தையும் நாம் மனம் திறந்து சொல்ல வேண்டும். புலம்பெயர்ந்த எமது குடும்பங்கள் பலவும் அரைகுறைக் கையோடு முழுவதையும் வைத்தவைதான். காணி ஈடு வைத்து, நகை விற்று, முகவரிடம் கொடுத்து, போய்ச் சேருவோமா என்று தெரியாமல் புறப்பட்டோம். அது துணிச்சல் என்று எம் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்கிறோம். அப்பா அன்று துணிந்தார், அதனால் இன்று நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். துணிந்தால் வரும் என்று அதிலிருந்து படிக்கிறார்கள்.

ஆனால் உண்மை வேறு. நாம் புறப்பட்டது கையிருப்பு கரைந்துகொண்டிருந்த நேரத்தில். இருந்தாலும் போகும், ஆடினாலும் போகும் என்ற நிலையில் இருந்தவர்களுக்கு நல்ல சீட்டு வரும்வரை காத்திருக்கும் வசதி இருக்கவில்லை. எம்மைப் போலவே அதே கையோடு புறப்பட்டு, கடலிலும் காட்டிலும் எல்லையிலும் முடிந்துபோனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எம்மைவிடத் துணிச்சல் குறைந்தவர்கள் அல்ல. எமக்குக் கடைசிச் சீட்டு விழுந்தது, அவர்களுக்கு விழவில்லை. அவ்வளவுதான்.

அதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டால், எமது வாழ்க்கையும் அவர்களுக்கு உங்கரின் காணொளி போலவே ஆகிவிடும். கடைசியாக விழுந்த 2 மட்டும் கண்ணில் படும். கட்டாயத்தால் நாம் ஆடிய ஆட்டத்தை அவர்கள் விருப்பத்தால் ஆடத் தேவையில்லை. அவர்கள் இருப்பது காத்திருக்கக்கூடிய இருக்கை. அரைகுறையான கை வந்தால் எறிந்துவிட்டு அடுத்ததைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை வாங்கிக் கொடுக்கத்தான் இரண்டு வேலை செய்தோம்.

ஸ்டூ உங்கருக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்க வீட்டில் யாரும் இருக்கவில்லை. எமது பிள்ளைகளுக்கு நாம் இருக்கிறோம். இன்று இரவு வேலைக்குப் புறப்படுவதற்கு முன் ஐந்து நிமிடம் அந்தக் கதவைத் தட்டி உள்ளே போய், என்ன ஆடுகிறாய் என்று கேட்டு, பக்கத்தில் அமர்ந்து ஒரு கை பார்க்கலாம். பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.